மேற்கே பார்த்து வைத்த கடிகாரம்

என் கணவர் டல்லாஸுக்குக் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிரித்தால் ஒரே மாதிரி இரண்டு கைக்கடிகாரங்கள். விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் ஒரு விற்பனைப் புத்தகம் செருகி வைத்திருப்பார்களே, அதில் பார்த்து வரவழைத்திருந்தார். இரண்டுமே ஆண்கள் கட்டுகிற அளவு. என் மணிக்கட்டில் அது தட்டு மாதிரி உட்கார்ந்தது.

"இதுக்கு நாம டைமே வைக்க வேணாம்," என்றார். "கொலராடோல ஒரு பெரிய டவர் இருக்கு. ராத்திரி அங்கேர்ந்து ரேடியோ சிக்னல் வரும். வாட்ச் அதைப் பிடிச்சு தன்னைத் தானே சரி பண்ணிக்கும்."

"ஒரு செகண்டுகூட முன்னபின்ன இருக்காதா?"

"இருக்காது. நான் அங்க இருப்பேன், நீ இங்க இருப்ப. ஆனா ரெண்டு வாட்சும் ஒரே டவரைத்தான் கேட்டுட்டு இருக்கும்."

"அங்க ஒரு மணி நேரம் பின்னாடியில்ல?"

"மணிதான் வேற. நிமிஷம், செகண்டெல்லாம் ஒண்ணுதான்," என்று சிரித்தார். எந்த ஊர் நேரம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நாமே சொல்ல வேண்டுமாம். பட்டனை அழுத்திக்கொண்டே போனால் கீழே சின்னக் கட்டத்தில் ஆங்கில எழுத்து மாறும். எங்கள் கிழக்குக் கரைக்கு ஈ, டல்லாஸுக்கு சி, மலைப் பகுதிக்கு எம், கலிபோர்னியாவுக்குப் பி. என்னுடையதில் ஈ வைத்தார். தன்னுடையதில் அப்போதே சி வைத்துக்கொண்டார். கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு நேரம் ஓடியது.

அது இரண்டாயிரமாவது ஆண்டு, செப்டம்பர். நாங்கள் நியூ ஜெர்ஸியில் மான்மவுத் ஜங்ஷனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கன்சல்டிங் கம்பெனி, எங்கே ப்ராஜெக்ட் கிடைக்கிறதோ அங்கே ஆளை அனுப்பும். இங்கே இருந்த ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, அடுத்தது டல்லாஸில். என்னால் கூடப் போக முடியாது. நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தது என் கம்பெனிதான். வேலையை விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே அவர் அங்கே, நான் இங்கே. ஆறே மாதம் என்றார்கள்.

நியூவர்க் விமான நிலையத்தில் அவரை ஏற்றிவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கடிகாரத்தைத்தான் எடுத்தேன். இடது பக்கப் பட்டனை அழுத்தினால் வினாடி முள் குடுகுடுவென்று ஓடும். முந்தின இரவு சிக்னல் கிடைத்திருந்தால் பன்னிரண்டில் போய் நிற்கும். கிடைக்கவில்லை என்றால் ஆறில் நிற்கும். ஆறில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தன் பழைய இடத்துக்கு ஓடிப்போய் வேலையைத் தொடர்ந்தது.

மறுநாளும் ஆறு. அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் போன் பண்ணினார். சாப்பாடு, அறை, அலுவலகம் எல்லாம் சொல்லிவிட்டு, "சிக்னல் வந்துச்சா?" என்றார்.

"வரலையே."

"எனக்கு தினம் வருது. இங்கேர்ந்து கொலராடோ பக்கம். உனக்கு ரொம்ப தூரம்ல, அதான். ஜன்னல் ஓரமா வை. டிவி, ஃப்ரிட்ஜ் பக்கத்துல வைக்காத. பன்னெண்டு இருக்கிற பக்கம் மேற்கே பார்த்து இருக்கட்டும்."

எங்கள் வீட்டின் பிரச்சினை அதுதான். மேற்கே சன்னல் கிடையாது. படுக்கையறைச் சன்னல் கிழக்கே, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து. கூடத்துச் சன்னல் வடக்கே, அடுத்த கட்டிடத்தின் செங்கல் சுவரைப் பார்த்து. மேற்கே மாடிப்படி, அதைத் தாண்டி எதிர்வீடு. வடக்குச் சன்னலில் வைத்துப் பார்த்தேன். குளியலறையின் உயரமான சின்னச் சன்னலில் ஏணி போட்டு ஏறி வைத்துப் பார்த்தேன். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, காற்றடித்து விழுந்துவிடாமல் மேலே சப்பாத்திக் கட்டையை வைத்தேன். காலையில் டப்பாவைத் திறந்து பட்டனை அழுத்தினால், முள் ஆறில்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். நேரம் என்னவோ சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு ஒன்றிரண்டு வினாடி தவறுமோ என்னவோ, அதனால் யாருக்கு என்ன? ஆனால் தனியாக இருக்கிறவருக்குக் காலையில் எழுந்ததும் செய்ய ஒரு காரியம் வேண்டும். எனக்கு அது கிடைத்தது. எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு டிவியில் வானிலைச் சானலைப் போட்டு டல்லாஸ் வருகிறவரை காத்திருப்பேன். எங்கள் ஊரில் பனி கொட்டுமா என்பதைவிட அங்கே மழையா வெயிலா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. மழை என்றால் குடை எடுத்துப் போவாரா என்று நினைப்பேன். அவர் எடுத்துப் போகிற ஆள் கிடையாது.

பரிசோதனைக் கூடத்திலும் பேச்சு அதிகம் இல்லை. மாத்திரை வயிற்றுக்குள் போனால் எவ்வளவு நேரத்தில் கரையும் என்று பார்ப்பது என் வேலை. வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குடுவைகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைப் போட்டு, துடுப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது குறித்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். சுவரில் ஒரு கடிகாரம், இயந்திரத்தில் ஒரு கடிகாரம், கையில் இந்தத் தட்டு. மூன்றையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்தான். "குட் மார்னிங்", "ஹவ் வாஸ் யுவர் வீக்எண்ட்". பதிலுக்கு அவர்கள் காத்திருப்பதில்லை, நானும் சொல்வதில்லை. சில நாட்களில் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று இருக்கும். காலையிலிருந்து அதை உபயோகித்திருக்க மாட்டேன்.

ஞாயிறு மதியம் தமிழ் ஆராதனை. ஓர் அமெரிக்கத் தேவாலயத்தில் அவர்கள் காலை ஆராதனை முடிந்த பிறகு எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலில் பாடிய அதே பாட்டுகள். ஆனால் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்து பெஞ்சுகளை நிரப்புவார்கள். நான் ஓரத்தில் உட்காருவேன். ஜெப நேரத்தில் போதகர் ஒவ்வொரு வாரமும், "டல்லாஸ் பட்டணத்தில் தனிமையாய் இருக்கிற நம் சகோதரருக்காக" என்று தவறாமல் சொல்வார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். மான்மவுத் ஜங்ஷனில் தனிமையாய் இருக்கிற சகோதரியை அவர் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நான்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்திருப்பார்.

டிசம்பர் கடைசியில் அவர் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார். கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார், வீட்டில் இடம் மாற்றி மாற்றி வைத்தார், அவருக்கும் ஆறுதான். "கட்டிடம் அப்படி," என்று விட்டுவிட்டார்.

சிக்னல் கிடைத்தது தற்செயலாக. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கையுறை போடுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றிக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, அப்படியே மறந்து மேலே வந்துவிட்டேன். காலையில் காணோம் என்று பதறித் தேடி, ஞாபகம் வந்து, நைட்டி மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். காரைத் திறந்து உட்கார்ந்து, உறைந்துபோயிருந்த விரலால் பட்டனை அழுத்தினேன். முள் ஓடியது. ஆறைத் தாண்டியது. பன்னிரண்டில் போய் நின்றது.

கார் மேற்கே பார்த்து நின்றிருந்தது. காருக்குள் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்தேன். கண்ணாடியெல்லாம் என் மூச்சுப் பட்டு மங்கிப்போயிற்று. ஞாயிறு வரைக்கும் காத்திருக்க முடியாமல் அன்றைக்கே அவரை அழைத்தேன்.

"வந்துடுச்சுங்க! கார்ல வச்சேன், வந்துடுச்சு!"

"என்ன வந்துச்சு?"

"சிக்னல்!"

"ஓ," என்றார். பிறகு, "சரி. நல்லது," என்றார். "இங்க கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டா?" என்று வைத்துவிட்டார்.

நாலு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்ட கேள்விக்கு, கடைசியில் ஒரு நல்ல பதில் என் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துவைத்த துணிகளை மறுபடி மெஷினில் போட்டேன்.

அதன் பிறகு தினமும் ராத்திரி காரை மேற்கே பார்த்து நிறுத்தி, கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டு வருவேன். விடிந்ததும் கோட்டோடு இறங்கிப் போய்ப் பார்ப்பேன். சில நாள் பன்னிரண்டு, சில நாள் ஆறு. பன்னிரண்டு வந்த நாட்களில் உடனே எழுந்திருக்க மனசு வராது. காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அங்கே டல்லாஸில் அவருடையதும் இதே வினாடியில் இருக்கும் என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண். பொள்ளாச்சிக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவரும் சின்னக் குழந்தையுமாக ஒரு வருடமாக எதிரே இருந்தாள். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். கையில் குப்பைப் பையோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் கவலை.

"ஏனுங்க்கா, தினமும் காலைல வந்து கார்ல உக்காந்திருக்கீங்களே, ஏதாச்சும் பிரச்சனைங்களா? நான் கிச்சன்லேர்ந்து பார்த்துட்டேதான் இருக்கேன். கேக்கலாமா வேண்டாமான்னு... எங்க வீட்டுக்காரர் கேக்காதேன்னாரு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்ன நினைத்திருப்பாள்? கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், இவள் காரில் உட்கார்ந்து அழுகிறாள் என்றுதான். கடிகாரத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு சிரித்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் குப்பைப் பையைக் கீழே வைத்தாள்.

"இதுக்கா! எங்க கிச்சன் ஜன்னலு மேக்கதானுங்க இருக்குது. குடுங்க இப்படி."

அவள் வீட்டு அடுக்களைச் சன்னல் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பக்கக் கண்ணாடியில் கார்கள் தெரியும், மறுபக்கக் கண்ணாடியில் நேர் மேற்கே இருக்கிற மரங்கள் தெரியும். அன்றிலிருந்து கடிகாரம் ராத்திரி அவள் வீட்டில் தூங்கியது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் தட்டினால், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கடிகாரமுமாக வருவாள். "வந்துருச்சுங்க்கா!" என்பாள். வராத நாளில், "இன்னிக்கு இல்லீங்க. மழையோ என்னமோ," என்று ஏதோ அவள் தப்பு மாதிரி சொல்வாள். ஒரு டம்ளர் காபி கொடுப்பாள், வாசலில் நின்றபடியே குடிப்பேன். என் நாளில் நான் தமிழ் பேசியது அந்தக் காபி ஆறுகிற நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. அறையில் இருந்த போனை எடுத்துவிட்டதாகவும், இனி செல்லில்தான் கூப்பிட வேண்டும் என்றும் பிப்ரவரியில் சொன்னார். அந்தச் செல்லும் டல்லாஸ் நம்பர்தான். ஒரு தடவை ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பக்கம் குழந்தைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. "இந்த நேரத்துல வெளியில விளையாடுதுங்களா?" என்றேன். "ஆமா, இங்கல்லாம் அப்படித்தான்," என்றார். டெக்சாஸ் பிள்ளைகளுக்குக் கண்டிப்பு போதாது என்று நினைத்துக்கொண்டேன். சிக்னலைப் பற்றி அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். நானாகத்தான் சொல்வேன்.

ஈஸ்டருக்கு வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூவர்க்கில், அந்த நாட்களில் விமானத்தின் வாசல் வரைக்கும் போய் நிற்க விடுவார்கள், டல்லாஸ் என்று பலகையில் எழுதியிருந்த வாசலில் நின்று அழைத்து வந்தேன். இளைத்திருந்தார். சட்டைக் கழுத்து தளர்ந்து தொங்கியது. வண்டியில் பாதி தூரம் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய கடிகாரம் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. என்னுடையதை அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து வாங்கி வந்திருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்தேன். இரண்டு வினாடி முட்களும் ஒன்றாக நடந்தன. ஒன்று அடி எடுத்து வைக்கும்போதே மற்றதும் வைத்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மணியைப் பார்த்தேன்.

எனக்கு எட்டு. அவருக்கு ஏழு இருக்க வேண்டும். ஐந்து என்று இருந்தது. சின்னக் கட்டத்தில் சி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பி.

தலையைத் துவட்டிக்கொண்டே அவர் வெளியே வந்தார். "உங்க வாட்ச்ல எதையோ தெரியாம அமுக்கிட்டீங்க போல," என்றேன். "கலிபோர்னியா டைம் காட்டுது."

"ஆமா, பட்டன் பட்டிருக்கும்," என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நானே எடுத்துக் கொடுத்த பதில் அது. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தெரியாம அமுக்கல," என்றார்.

"அப்புறம்?"

"நான் டல்லாஸ்ல இல்லம்மா. ஜனவரியிலயே ப்ராஜெக்ட் கேன்சல் ஆயிடுச்சு. எல்லா கன்சல்டன்ட்டையும் ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. இப்ப கலிபோர்னியால, ஃப்ரீமாண்ட்ல இருக்கேன். கம்பெனியோட கெஸ்ட் ஹவுஸ்ல."

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அந்த ஒரே வீட்டில் கம்பெனி ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் வேலை இல்லாமல் படுத்திருக்கிறார்களாம். எல்லாம் இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பையன்கள். இவரை அங்கிள் என்று கூப்பிடுகிறார்களாம், இவருக்கு அப்போது முப்பத்தெட்டுதான். ஒவ்வொரு நாளும் கம்பெனிக்காரர் வந்து, இங்கே ஒரு இடம் இருக்கிறது, அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

"ஏன் சொல்லல?"

"அடுத்த வாரம் கெடச்சிடும், கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்ல." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொன்னா நீ கிளம்பி வாங்கன்னு சொல்லுவ. வந்து என்ன பண்றது? உன் விசால ஒட்டிக்கிட்டு வீட்ல உக்கார்றதா?"

"நேத்து டல்லாஸ் ஃப்ளைட்லதானே வந்தீங்க?"

"சான் ஃப்ரான்சிஸ்கோலேர்ந்து ஏறி டல்லாஸ்ல மாறி வந்தேன்."

அப்படி ஒரு டிக்கெட்டைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனது எனக்கு ஒன்றுமே இல்லை. நான் எந்த வாசலில் நிற்பேன் என்று யோசித்து அந்த வாசல் வழியாக வந்திருக்கிறார்.

"போன மாசம் டல்லாஸ்ல ஒரு வாரம் விடாம மழை," என்றேன். "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையை ஆட்டினார், தெரியாது என்று.

"எனக்குத் தெரியும். தினம் பார்த்தேன். குடை இல்லாம போறீங்களேன்னு கஷ்டப்பட்டேன்."

இட்லியை எடுத்து வைத்தேன், சாப்பிட்டார். நான் காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"என்னங்க்கா, அண்ணன் வந்திருக்காங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றாள் அவள். சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"வேற ஒண்ணும்... பொம்பளை கிம்பளைன்னு..."

"சேச்சே."

"அப்ப வேலைதானுங்க்கா போச்சு. அது வரும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு புரியலைங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்க பயம்? நீங்க திட்டவே மாட்டீங்களே."

"திட்டியிருந்தா சொல்லியிருப்பாரோ என்னவோ," என்றேன்.

மறுநாள் ஈஸ்டர் ஆராதனை. வராமல் இருந்துவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன், பின்னாலேயே வந்தார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரதர், உங்களுக்காக ஒரு வாரம்கூட விடாம ஜெபிச்சோம். எப்படி இருக்கு டல்லாஸ்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மழை ஜாஸ்திங்க ஐயா," என்றேன் நான். "நவம்பர்லேர்ந்தே இந்த வருஷம் மழைதான். வெயில் அடிச்சாலும் சாயங்காலம் இருட்டிக்கிட்டு வந்துடுது."

காரில் ஏறிய பிறகு வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "நீ ஏன் பதில் சொன்ன?"

"உங்களைவிட எனக்குத்தான் டல்லாஸ் நல்லாத் தெரியும்," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பிப் போவதற்கு அவர் வாங்கியிருந்த டிக்கெட்டை உபயோகிக்கவில்லை. ஒரு வக்கீலைப் பார்த்தோம், விசாவில் அவரை என்னைச் சார்ந்தவராக மாற்றிப் பதிந்தோம். ஃப்ரீமாண்டில் விட்டுவந்த ஒரு பெட்டியைப் பையன்களில் யாரோ தபாலில் அனுப்பிவைத்தான். கோடை முழுவதும் அவர் வீட்டில் இருந்தார்.

ஆள் வந்துவிட்டால் தனிமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், நான் அடுக்களையில் இருப்பேன். நடுவில் அந்தச் சில மாதங்கள் இருக்கும். நான் காருக்குள் உட்கார்ந்து யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? டல்லாஸில் குடையில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒருவரை. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. உண்மையில் இருந்தவர் வேறொரு ஊரில், தெரியாத பையன்களுக்கு நடுவில், என்னைவிடத் தனியாகப் படுத்திருந்தார். அவரை நினைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை யோசிக்கும்போது சில நேரம் அவர் மேல் கோபம் வரும், சில நேரம் பாவமாக இருக்கும். இரண்டையும் அவரிடம் காட்டத் தெரியாமல் சமைத்துக்கொண்டிருப்பேன்.

அவரும் எது கேட்டாலும் ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்வார். இண்டர்வியூ எப்படி? பரவாயில்லை. என்ன கேட்டார்கள்? வழக்கம்போல. சாப்பிட்டீர்களா? ம்.

ஜூலை கடைசியில் நியூயார்க்கில் ஒரு இண்டர்வியூ. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் அழைத்துவரப் போனபோது ரயில் தாமதம். நடைமேடையில் நல்ல புழுக்கம். கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கடைசியாக அவர் இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

வண்டி ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஏறியது. நல்ல நெரிசல். சிவப்பு விளக்கு ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"உள்ள போனதும் ஒரு சின்னப் பையன் வந்தான். என்னைப் பார்த்து, வாட்டர் ஃபில்டர் மாத்த வந்தீங்களான்னு கேட்டான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் இல்லன்னேன். அவனுக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. அதனாலயே கேள்வியெல்லாம் ஈஸியா கேட்டான். அதுலயும் ஒண்ணுக்கு எனக்கு பதில் தெரியல. தெரியும், ஆனா வரல. நாக்கு ஒட்டிக்கிச்சு. தண்ணி குடிக்கலாமான்னு கேட்டேன். பார்த்தா, தண்ணி வரல. ஃபில்டர் ரிப்பேர்."

அவர் சிரித்தார். பிறகு மேலே சொல்லிக்கொண்டே போனார். லிஃப்டில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தது, மதியம் எங்கே போவதென்று தெரியாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்து நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டது, பக்கத்தில் இருந்த கிழவர் அது என்ன என்று கேட்டது, ஃப்ரீமாண்டில் ஒரு பையன் இதே மாதிரி ஒரு இண்டர்வியூவுக்குப் போய் அழுதுகொண்டே வந்தது, அவனுக்கு இவர் ரசம் வைத்துக் கொடுத்தது. ஃப்ரீமாண்டைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டின் குளியலறைத் தாழ்ப்பாள் வேலை செய்யாது என்பதுவரை சொன்னார்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அக்டோபரில் எடிசனில் ஒரு சின்னக் கம்பெனியில் வேறொன்று கிடைத்தது. இன்றைக்கும் நாங்கள் நியூ ஜெர்ஸியில்தான் இருக்கிறோம். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். அவரும் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். நான் வண்டியைத் திருப்பாமல் நேராகவே ஓட்டினேன்.